பிளாப்பிக்கு வைத்த பொட்டு

என் டைரிகள் இரும்பு பீரோவின் மேல் தட்டில் வரிசையாக நிற்கின்றன. முதுகில் வெள்ளைத் தாள் ஒட்டி ஆண்டு எழுதியிருப்பேன். மொத்தம் முப்பத்தோரு ஆண்டு. எங்கள் குடும்பத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் மதுரை கே.கே. நகரில் இருக்கும் என் வீட்டுக்குத்தான் போன் வரும். போர்வெல் போட்டது எந்த மாதம், சின்னவனை நாய் கடித்தது எந்தக் கிழமை, பழைய பிரிட்ஜ் வாங்கியது பொங்கலுக்கு முன்னாலா பின்னாலா. நான் டைரியைப் புரட்டி, தேதி மட்டுமல்ல, மணியும் சொல்வேன். "கலெக்டர் ஆபீஸ்லகூட இம்புட்டு சீக்கிரம் பதில் வராது" என்பார் என் கணவர்.

இந்த வரிசையில் ஒரு பல் விழுந்திருந்தது. மூன்றாவது டைரிக்கும் ஐந்தாவது டைரிக்கும் நடுவில் ஒன்று இல்லாமல் இருந்தது. இத்தனை ஆண்டுகளில் யாரும் அந்த ஆண்டைப் பற்றிக் கேட்கவில்லை. போன ஆவணியில் அக்கா கேட்டாள்.

அக்கா தன் மகன் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தாள். அத்தானும் கூட வந்திருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்து நீட்டினாள். நான் வாங்கக் குனிந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஏ புள்ள, இவன் பொறந்தப்பதான் மூணாம் நாளு வந்து எட்டிப் பாத்த. கல்யாணத்துக்காவது மொத நாளே வந்துரு."

"மூணாம் நாளா? யாரு, நானா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரியா?"

"அக்கா, அன்னைக்குச் சாயங்காலமே வந்தேன். அவன் விஜயதசமிக்குப் பொறந்தான். பிள்ளைய வாங்கும்போது என் விரல்ல பூஜைச் சந்தனம் மணந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"சந்தனம் மணந்துச்சோ சாம்பிராணி மணந்துச்சோ, எனக்குத் தெரியாது. மொத நாளு நீ வரல. மறுநாளும் வரல."

என் கணவர் இடையில் புகுந்தார். "மதினி, இவகிட்டப் போய் தேதிய வச்சு மல்லுக்கட்டுறீங்களே. தோத்துப்போவீங்க."

"எழுதி வச்சிருப்பால்ல? எடுக்கச் சொல்லுங்க தம்பி, பாப்போம்."

பீரோவைத் திறந்தேன். அந்த இடத்தில் இடைவெளிதான் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது, அத்தான் வண்டியைத் திருப்பப் போன நேரத்தில், குரலைத் தணித்துச் சொன்னாள்: "நீ மறந்துட்ட, பரவால்ல. அம்புட்டு வருசமாச்சு. ஆனா அப்படி நடக்கவே இல்லன்னு சொல்லாத."

கல்யாணத்துக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள் இருந்தது. அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அந்த ஆண்டு டைரி காணாமல் போகவில்லை. அதைத் தாளில் எழுதவில்லை, அவ்வளவுதான். காரணம் கம்ப்யூட்டர்.

அப்போது நாங்கள் திருமங்கலத்தில் இருந்தோம். அக்கா கல்யாணமாகிப் போயிருந்தாள். அப்பா இல்லை. அம்மாவும் மாமாவும்தான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. நான் தமிழ்த் தட்டச்சு ஹையர் பரீட்சை முடித்ததும் மாமா என்னை மதுரையில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்துவிட்டார். முதல் இரண்டு மாதம் கம்ப்யூட்டரைத் தொட விடவில்லை. நோட்டில் சரித்திரம் எழுதவைத்தார்கள். முதல் தலைமுறை வால்வு, இரண்டாம் தலைமுறை டிரான்சிஸ்டர், மூன்றாம் தலைமுறை ஐ.சி., நான்காம் தலைமுறை மைக்ரோ பிராசசர். வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். முதல் கம்ப்யூட்டர்கள் ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டு நின்றன என்று சார் சொன்னபோது, கடைசி பெஞ்சில் ஒருத்தி "எங்க வீட்டு நெல்லுக் குதிர் மாதிரியா சார்?" என்று கேட்டாள். அந்தக் கம்ப்யூட்டர்களுக்குத் துளையிட்ட அட்டைகளில்தான் கணக்கைக் கொடுத்தார்கள், அந்த யோசனை தறியிலிருந்து வந்தது என்றார் சார். செல்லூரிலிருந்து வரும் பெண் உடனே, "ஆமா சார், எங்க அப்பா தறியில அந்த அட்டை தொங்குது. அப்ப எங்க வீட்டுலயும் கம்ப்யூட்டர் இருந்திருக்கு" என்றாள். அந்த ஒரு பாடத்தில் மட்டும் அவளுக்கு முழு மார்க்.

வகுப்பு முடிந்ததும் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை கிடைத்தது. பத்திரிகை, நோட்டீஸ், மலர் எல்லாம் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்து, அச்சகத்துக்கு அனுப்பும் கடை. ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குத் தனி அறை, ஏ.சி., பூப்போட்ட உறை. செருப்பை வெளியே விட்டுத்தான் போக வேண்டும். முதலாளியை அண்ணே என்று கூப்பிடுவோம். அண்ணனே வெளியே வெக்கையில் உட்கார்ந்திருப்பார், கம்ப்யூட்டர் உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. தமிழ் எழுத்து திரையில் வருவதைப் பார்த்த மயக்கத்தில், இனி உலகத்தில் தாளே இருக்காது என்று முடிவு கட்டினேன். அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் டைரியைக் கம்ப்யூட்டரிலேயே அடித்தேன். விடுபட்டதை மறுநாள் காலை முதல் வேலையாக அடிப்பேன். அப்போது புதிதாக வந்திருந்த சின்ன பிளாப்பி ஒன்றை என் காசில் வாங்கி, அதில் சேமித்து, கைப்பையிலேயே வைத்திருந்தேன். உள்ளங்கை அகலம், கெட்டி பிளாஸ்டிக், தகரக் கதவு. ஓர் ஆண்டு முழுவதும் அதில் அடங்கியது. இன்று போனில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் கொள்ளாது. டிசம்பரில் கம்ப்யூட்டர் பத்து நாள் படுத்துக்கொண்டதும் எனக்குத் தெளிவு பிறந்தது. தாளுக்குத் திரும்பினேன்.

அந்த ஆண்டு ஆயுத பூஜை எனக்கு எப்படி மறக்கும்? அக்காவிடம் அதுவரை சொல்லாத கதை அது.

பூஜைக்கு முன்தினம் கடையைக் கழுவினோம். வாழைக்கன்று கட்டினோம். பொரியும் கடலையும் வாங்கினோம். பூஜையன்று அண்ணன் மானிட்டர், பிரிண்டர் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, "நான் விட்டதுக்கெல்லாம் நீ வச்சிரு தாயி, ஒன்னு விடாம வையி. விட்டா கோவிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் பூசணிக்காய் வாங்கக் கீழே போனார்.

விடாமல் வைப்பது என்றால் நான்தானே. கீபோர்டு, மவுஸ், ஸ்டெபிலைசர், ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் வைத்தேன். பிறகு பிளாப்பிப் பெட்டியைத் திறந்தேன். கடையில் இருந்தவை பழைய பெரிய பிளாப்பிகள். அப்பளம் மாதிரி வளையும். காகித உறையிலிருந்து எடுத்தால் நடுவில் வட்டத் துளை, அதற்குக் கீழே நீளவாட்டில் ஒரு திறப்பு. அந்தத் திறப்பில் பழுப்பாக, பளபளவென்று உள்தகடு தெரியும். கம்ப்யூட்டர் படிப்பது அந்த இடத்தில்தான். வகுப்பில் "விரல் படக் கூடாது" என்று நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். ஆனால் அன்று எனக்கு அது நெற்றியாகத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் உறையிலிருந்து எடுத்து, நெற்றி பார்த்து, நேர் நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, காய்ந்ததும் வரிசை மாறாமல் உறையில் போட்டேன். இருபத்துநான்கு பிளாப்பி.

அவற்றில் நான்கில் ஒரு பள்ளிக்கூடத்தின் வெள்ளிவிழா மலர் இருந்தது. எழுபத்திரண்டு பக்கம். அந்த வாரமே சிவகாசிக்கு அச்சுக்குப் போக வேண்டியது. ஒன்று கெட்டால் ஒன்று இருக்கட்டும் என்று நான்குக்கும் நகல் எடுத்து அதே பெட்டியில் வைத்திருந்தேன். நகலுக்கும் பொட்டு.

விஜயதசமி காலையில் முதல் பிளாப்பியைச் சொருகினேன். உள்ளேயிருந்து தகரத்தில் ஆணி கீறுவது போல ஒரு சத்தம் வந்தது. இரண்டாவதற்கும் அதே சத்தம். மூன்றாவதற்குச் சத்தமே இல்லை. அண்ணன் உறையைப் பிரித்துப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணுல பட்டதுக்கெல்லாம் வச்சேனே. பக்தி முத்திப்போய் இதுக்கும் வச்சுட்டேன் போலருக்கே தாயி."

அவர் உண்மையிலேயே அப்படி நம்பினார். இல்லண்ணே, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "கையெழுத்துப் பிரதி இருக்குல்லண்ணே. நானே திரும்ப அடிச்சுத் தந்திர்றேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நன்றி. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இதுவரை எனக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது. அன்று மாலையே மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்தேன், மறுநாளிலிருந்து மலரை அடித்தேன். இதுதான் என் ஞாபகத்தில் இருந்த வரிசை. சாட்சி சொல்ல மாமாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பிளாப்பி மட்டும்தான் இருந்தது.

அது பீரோவின் அடித்தட்டில், ரேஷன் கார்டு கவருக்குள் கிடைத்தது. மேலே என் கையெழுத்தில் "டைரி, சன. – டிச." என்று இருந்தது. அதைச் சொருகத்தான் இடமில்லை. என் லேப்டாப்பின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். பிளாப்பிக்குப் பின்னால் சிடி வந்தது, பென் டிரைவ் வந்தது, பிறகு எல்லாம் எங்கேயோ ஆகாயத்தில் இருக்கிறது என்றார்கள். வந்தது ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் வாசலை அடைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறது.

பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏழு கடை ஏறி இறங்கினேன். ஏழாவது கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். பிளாப்பியைக் கையில் வாங்கி, தகரக் கதவை டக் டக்கென்று இரண்டு முறை நகர்த்திப் பார்த்தார்.

"எங்கக்கா புடிச்சீங்க இத? இந்தச் சத்தம் கேட்டு எம்புட்டு நாளாச்சு!"

"படிக்க முடியுமா?"

"ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பிளாப்பி டிரைவ் ஒன்னு கழட்டிப் போட்டாங்க, யூஎஸ்பியில சொருகுறது. வெள்ளிக்கிழமை வாங்க. பூஞ்சை புடிச்சிருந்தா என்னையக் கேக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை 11.15க்குப் போனேன். டிரைவில் போட்டார். அது கிழவர் மாதிரி இருமி, செருமி, கடைசியில் ஓடியது. ஒரே ஒரு ஃபைல். திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்து. ஒரு வார்த்தைக்கும் அர்த்தமில்லை.

"வைரஸ் தின்னுருச்சுக்கா" என்றார் வருத்தமாக.

வைரஸ் இல்லை. எனக்கு உடனே புரிந்தது. இன்று உலகத்திலுள்ள எல்லா எழுத்துக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. மதுரையில் அடித்த அ மலேசியாவிலும் அ என்றே தெரியும். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய காரியம் இல்லை என்பேன். அதற்கு முன்னால் தமிழ் எழுத்து என்பது ஆங்கில எழுத்துக்குப் போட்ட வேஷம். உள்ளே இருப்பது ஆங்கிலம், மேலே தெரிவது தமிழ். அந்த எழுத்துருவைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தால்தான் வேஷம் நிற்கும். இல்லாவிட்டால் கலைந்துவிடும். என் ஓராண்டும் வேஷம் கலைந்து நின்றது.

சென்னையில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டேன். "அதுக்கெல்லாம் மாத்துறதுக்கு வழி இருக்கும்மா. எந்த ஃபான்ட்ன்னு பேரச் சொல்லு" என்றாள். பேர் தெரியவில்லை. ஸ்டேப்ளருக்குப் பொட்டு வைத்த மணியைக்கூடக் குறித்துவைத்திருந்த நான், எழுத்துருவின் பேரைக் குறிக்கவில்லை.

கடைக்காரர் திரையைக் காட்டினார். "இதப் பாருங்கக்கா, அங்கங்க க்ஹ்க்ஹ்னு சிரிக்குது."

பார்த்தேன். கே, எச், கே, எச். இரண்டு வரி தள்ளி மறுபடியும் கே, எச், கே, எச். என் வலது கை கைப்பையின் மேல் இருந்தது. நடுவிரல் தானாக ஒரு தட்டு தட்டியது, ஆள்காட்டி விரல் உள்பக்கம் சாய்ந்து ஒரு தட்டு. மறுபடி நடுவிரல். மறுபடி ஆள்காட்டி. தட்டச்சு வகுப்பில் ஆயிரம் முறை அடித்த வரிசை. ம. துணைக்கால். ம. துணைக்கால்.

"மாமா" என்றேன்.

கடைக்காரர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "யாருக்கா?"

அந்தப் பழைய எழுத்துருக்காரர்கள் தமிழ்த் தட்டச்சு மெஷினின் விசை வரிசையை அப்படியே எடுத்துத்தான் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் மறந்துவிட்டது. என் விரல் மறக்கவில்லை. ஃபைலைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

வீட்டில் லேப்டாப்பில் தமிழ்த் தட்டச்சு விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து, அச்செடுத்த தாளைப் பக்கத்தில் வைத்து, அதிலிருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்தேன். திரையில் தமிழ் வந்தது. சில எழுத்து இடம் மாறி வந்தது, திருத்திக்கொண்டேன். என் கணவர் காபி வைத்துவிட்டுப் பின்னால் நின்று பார்த்தார்.

"நீ எழுதினத நீயே காப்பி அடிக்கிற ஒரே ஆளு நீதான்" என்றார்.

அக்டோபருக்கு நேராகப் போனேன். இப்படி இருந்தது:

"விஜயதசமி. 9.10 பிளாப்பி ஓடவில்லை. 1.20 மாமா வந்தார். அக்காவுக்கு ஆண் குழந்தை, 11.05க்கு. வா போவோம் என்றார். சாயங்காலம் வாரேன், நீங்க போங்க மாமா என்றேன். போகவில்லை. பக்கம் 1 – 14.

மறுநாள். 12.40 மாமா வந்தார். தூக்குவாளியில் சுண்டல். அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். நாளை என்றேன். முகத்தைப் பார்த்தால் அக்கா கண்டுபிடித்துவிடுவாள். அண்ணனிடம் இன்றும் சொல்லவில்லை. பக்கம் 15 – 43.

மூன்றாம் நாள். பக்கம் 44 – 72, முடிந்தது. பஞ்சும் தண்ணீரும் வைத்துப் பிளாப்பிகளைத் துடைத்துப் பார்த்தேன், பயனில்லை. 5.40 பஸ். 6.35 ஆஸ்பத்திரி. பிள்ளை நல்ல சிவப்பு. விரலில் இன்னும் சந்தன வாசனை. அக்கா ஒன்றும் கேட்கவில்லை."

காபி ஆறிப்போயிருந்தது. என் கணவர் படித்துவிட்டு, காபியைச் சூடாக்க டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சந்தனம் மணந்தது உண்மை. அது பூஜைச் சந்தனம் இல்லை, மூன்றாம் நாள் பிளாப்பிகளிலிருந்து துடைத்தெடுத்த சந்தனம். வாசனையைச் சரியாக ஞாபகம் வைத்துக்கொண்டு நாளைத்தான் நான் மாற்றிவிட்டிருக்கிறேன்.

மறுநாள் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வண்டியூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. அக்கா ஹாலில் உட்கார்ந்து பத்திரிகைகளில் பேர் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மூணாம் நாளுதான்."

"என்னது?"

"நான் ஆஸ்பத்திரிக்கு வந்தது. சாயங்காலம் ஆறு முப்பத்தஞ்சு."

"தோத்தாலும் நிமிசத்தோட தோக்குறா பாரு" என்று தாளை வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். மெதுவாகத்தான் படித்தாள். "வா போவோம் என்றார்" என்ற வரியில் விரலை வைத்தாள். மாமா குரல் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு கேட்டாள். "அண்ணன்கிட்ட எதடி சொல்லல? மூஞ்சியப் பாத்தா நான் எதக் கண்டுபிடிச்சிருவேன்?"

சொன்னேன். பூஜை, பிளாப்பி, பொட்டு, நகலுக்கும் பொட்டு. அக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

"பிளாப்பிக்கு எங்கடி பொட்டு வச்ச?"

"நெத்தியில."

"அதுக்கு நெத்தி எங்க இருக்கு?"

"நடுவுல ஒரு தெறப்பு இருக்கும்க்கா. கம்ப்யூட்டர் படிக்கிற எடம்."

"அதுலயா?"

"நேர் நடுவுல."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். "ஏங்க, இங்க வாங்களேன்" என்று அத்தானைக் கூப்பிட்டாள். அவர் வருவதற்குள் மறுபடி சிரிப்பு. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கதவு தொறக்கும்போதெல்லாம் நீன்னு நெனைப்பேன். நர்சு வருவா. அம்மா வருவா. எனக்குக் கல்யாணமாகிப் போனதும் நீ ஒதுங்கிட்டன்னு நெனச்சேன் புள்ள. மூணு நாளும் இப்படி ஒரு கூத்துலயா இருந்த? மொத நாளே வந்து சொல்லிருந்தா ஆஸ்பத்திரியிலயே சிரிச்சிருப்பேனே. தையல் பிரிஞ்சாலும் பரவால்லன்னு."

"வெக்கமா இருந்துச்சுக்கா."

"எங்கிட்ட என்னடி வெக்கம்?"

அந்தத் தாளை நான்காக மடித்துத் தன் பர்சில் வைத்துக்கொண்டாள். "இது எனக்கு" என்றாள். நான் கொடுத்துவிட்டேன். அடுத்த மூன்று வாரத்தில் அந்த ஆண்டு முழுவதையும் அடித்து, அச்செடுத்து, பைண்டிங் செய்து, மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் வைத்தேன். விஜயதசமி வரும் இடத்தில் வெற்றுத் தாள் ஒன்று: "இந்தப் பக்கம் அக்காவிடம் இருக்கிறது."

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால், பெட்டியோடு, காலை 7.50க்கு அக்கா வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். அக்கா கோலப்பொடி கிண்ணத்தோடு நிமிர்ந்தாள். உள்ளே எட்டிக் கடிகாரத்தைப் பார்த்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"மண்டபத்து வாசல்ல நீதான் நிக்கணும். பன்னீர், கல்கண்டு, வெத்தல எல்லாம் ஒம் பொறுப்பு."

"சரிக்கா. சந்தனம்?"

"அதத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்றாள்.